எம்.சி.பி.தான் இருக்கிறதே, பிறகென்ன?



தேனாம்பேட்டையில் நான் குடியிருந்த ஒரு போர்ஷனில், பஜ்ருக்கு எழுந்து ஒளு செய்யக் குழாயைத் திறந்தால் சில நாட்களில் விரல் நுனி சுள்ளென்று இழுக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "புது எம்.சி.பி. போட்டுக் கொடுத்திருக்கேனே பாய், ஏதாவதுன்னா அதுவே விழுந்துடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். நானும் நம்பினேன். பல மாதம் கழித்துத்தான் ஒரு ஒயர்மேன் வந்து, மாடியில் இருந்த மோட்டாரின் ஒயர் தோல் உரிந்து இரும்புக் குழாயில் உரசிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அத்தனை மாதமும் எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை. அது பழுதாகவும் இல்லை. அதன் வேலையே வேறு.

இந்தப் பாடத்தில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் அது சூடாகித் தீப்பிடிக்கும். அதற்கு முன் எம்.சி.பி. விழுந்துவிடும். 16 ஆம்பியர் என்று அதன் மேல் எழுதியிருந்தால், அதற்கு மேல் போனால்தான் அது அசையும். மனித உடலின் கணக்கு இதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களை வைத்துச் சோதித்தார். பிடித்த கம்பியைத் தன் முயற்சியால் விட முடியாமல் போகும் எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று தெரிந்தது. மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈரக் கையும் ஈரத் தரையுமாக நிற்பவரின் உடல் 230 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியருக்கு மேலேயே இழுத்துவிடலாம். இதயம் தாளம் தப்புவதற்கு அது போதும். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய குண்டு பல்பு எரியும் அளவுதான்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. நம் பக்கம் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். வலீமாவுக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு இதன் வேலை உடனே புரியும்: போன பாத்திரம் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்பதுதான் கணக்கு. ஃபேஸ் ஒயர் வழியே வீட்டுக்குள் போன கரன்ட் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். குறைந்தால், அது எங்கோ சுவர் வழியாகவோ ஆள் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இந்தக் கருவி 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால் 0.04 வினாடிக்குள். வீட்டுக்கு வாங்கும்போது அதன் மேல் 30 எம்.ஏ. என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 100, 300 என்று இருப்பவையும் கடையில் கிடைக்கும். அவை ஆளைக் காப்பதற்கானவை அல்ல.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால் போனதும் வந்ததும் சரியாகவே இருக்கும். கருவிக்கு எதுவும் தெரியாது.

எர்த் இருந்தால் இது எதற்கு என்றும், இது இருந்தால் எர்த் எதற்கு என்றும் இரண்டு விதமாகவும் கேட்கிறார்கள். எர்த் சரியாக இருந்தால், ஃபிரிட்ஜின் உடம்பில் கரன்ட் இறங்கிய அந்தக் கணமே கசிவு எர்த் ஒயர் வழியே ஓடி ஆர்.சி.சி.பி. விழும், நீங்கள் தொடும் முன்பே முடிந்துவிடும். எர்த் இல்லையென்றால், நீங்கள் தொட்ட பிறகுதான் கசிவு தொடங்கும். உயிர் தப்பும் வாய்ப்பு அதிகம் என்றாலும் அந்த அடியை நீங்கள் வாங்கியாக வேண்டும்.

நம் பகுதியின் பழைய கட்டடங்களில் எர்த் பெரும்பாலும் பெயருக்குத்தான். மூன்று பின் பிளக்கின் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஒரு காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகக் கட்டினார்கள்; பிறகு குழாயை பி.வி.சி.யாக மாற்றியபோது எர்த் போய்விட்டதை யாரும் கவனிக்கவில்லை. இன்னும் மோசமானது, நியூட்ரலையே எர்த் துளையில் சேர்த்து விடுவது. சோதித்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலவே காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்டிருக்கும் எல்லா இரும்புச் சாமான்களின் மேலும் 230 வோல்ட் நிற்கும். குறைந்த செலவில் வேலை முடிக்கும் எலக்ட்ரீஷியன்கள் இதைச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

போர்ஷன் வீடுகளுக்கே உரிய தொல்லை இன்னொன்று. இரண்டு போர்ஷனின் நியூட்ரல் எங்கோ ஓரிடத்தில் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கும். ஆர்.சி.சி.பி. மாட்டினால் கணக்கு உதைக்கும், அடிக்கடி விழும். ஸஹர் நேரத்தில் இருட்டாகிவிட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆளைக் கூப்பிட்டு நேராக ஒயர் கொடுத்துவிடுவார்கள். கருவி போர்டில் அழகாக உட்கார்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதன் மேல் டி என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சிறு பட்டன் இருக்கும். அழுத்துங்கள். நெம்புகோல் விழுந்து வீடு முழுவதும் இருள வேண்டும். நெம்புகோல் விழுந்தும் விளக்கு எரிந்தால் அது பைபாஸ். விழவே இல்லையென்றால் கருவி செத்துவிட்டது. மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம், குழந்தைகளுக்கும் காட்டலாம். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் இந்த பட்டன் சொல்லாது. அதற்கு உரிமம் பெற்ற ஒயர்மேன் மீட்டரோடு வர வேண்டும். வரும்போது மெக்கர் வைத்து ஒயரின் காப்பும் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் பாக்கெட்டில் வைத்திருப்பவர் இந்த வேலைக்கு உதவமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் கசிவுக் கருவியை வலியுறுத்தின; ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைவான இணைப்புகளை விட்டுவிட்டன. இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மிக்ஸி உள்ள போர்ஷன் அந்த அளவை எட்டுவதே இல்லை. பங்களாவுக்குப் பாதுகாப்பு, ஒண்டுக்குடித்தனத்துக்கு இல்லை என்பதுபோல் அது நடந்தது. பின்னர் அந்த வரம்பு இறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்போது புதிய வீட்டு இணைப்பு வாங்குபவர் இந்தக் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் இணைப்பு வாங்கிய கட்டடத்துக்குள் வந்து பார்ப்பவர்தான் யாரும் இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். அங்கே 2020-இல் வந்த விதிமுறைப்படி, வாடகைக்கு விடும் வீட்டின் மின் அமைப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் அறிக்கையின் நகல் தர வேண்டும். புதிதாக வருபவருக்குக் குடியேறும் முன்பே தர வேண்டும். நம்மிடம் அப்படியொரு கட்டாயம் இல்லை.

நம்மிடம் இருப்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம். அதன் அட்டவணைப்படி வீட்டின் உள், வெளி ஒயரிங் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர் குடியிருப்பவரின் பொறுப்பு. எர்த் சரியில்லை என்றால் அவரிடம் கேட்பது சலுகையல்ல, உங்கள் உரிமை. ஆனால் இல்லாத ஆர்.சி.சி.பி.யைப் புதிதாகப் பொருத்துவது யார் செலவு என்பதில் தகராறு வரும். என் கருத்தில் அது ஒயரிங்கைச் சேர்ந்ததுதான். இருந்தாலும் சுமார் 2,000 ரூபாய்ச் சாமானுக்காக வருடக்கணக்கில் வாதாடிக்கொண்டு, அதுவரை பிள்ளைகளை ஈரத் தரையில் நடக்க விடுவது புத்தியல்ல. பாதிப் பாதி என்று பேசிப் பாருங்கள். கேட்டதற்காகக் கரன்டையோ தண்ணீரையோ நிறுத்துவதை அந்தச் சட்டம் தடுக்கிறது.

நம் வாசகர்களில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று: புது ஆள் வரும்முன் சுண்ணாம்பு அடிக்கிறீர்கள். அதே வாரத்தில் ஒயர்மேனையும் வரச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அவிழ்த்து நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் ஒயர் உரசி அந்தக் கம்பியில் கரன்ட் இறங்கி, ஈரத் துணியோடு போன பெண்கள் உயிரிழப்பது தமிழ்நாட்டில் மழைக்குமழை நடப்பதுதான்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், பிளக்குக்கு ஏறும்வரை காத்திராமல், கால் நனையாத நிலையிலேயே மெயினை அணையுங்கள். மீட்டர் போர்டு தண்ணீரில் நின்றால் கிட்டே போகாமல் மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். ஒருவர் கரன்டில் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயின், பிறகு ஆள், உடனே 108.

அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது கீழே உள்ளதை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் பொருந்தும்:

"வீட்டின் மின் ஒயரிங், எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக் கருவி ஆகியவை உரிமம் பெற்ற ஒயர்மேனால் சோதிக்கப்பட்டு, அவர் கையொப்பமும் தேதியும் இட்ட குறிப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது உரிமையாளர் செலவில் மீண்டும் சோதிக்கப்படும். கசிவுக் கருவியை பைபாஸ் செய்ய இரு தரப்பினருக்கும் அனுமதி இல்லை."