பெற்றோரின் முதல் பாடம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் கடைவீதிகளுக்கு அருகே கொச்சி மன்னர்களின் பழைய அரண்மனை உள்ளது. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் இதைக் கட்டி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தனர். 1663-இல் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அங்கு மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் ஓவியங்களாக விரிகிறது. பிள்ளை வரம் வேண்டி தசரதர் செய்த வேள்வியில் தொடங்கி, ஸ்ரீராமர் அயோத்தி திரும்புவதில் அந்த வரிசை நிறைவு பெறுகிறது. ஒரு தந்தையின் ஏக்கமே அங்கு ராமகதையின் வாயிலாக அமைந்திருக்கிறது.

தசரதர் கற்றது

நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பிள்ளை ராமர். விசுவாமித்திரர் வந்தபோது, கேட்பது எதுவாயினும் தருவதாக தசரதர் வாக்களித்தார். முனிவர் ராமரைக் கேட்டதும் மூர்ச்சையுற்றார். தெளிந்தபின், பிள்ளைக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லையே என்று மன்றாடினார். தாமே சேனையுடன் வருவதாகவும் சொல்லிப் பார்த்தார். வசிஷ்டர் எடுத்துரைத்த பிறகே இசைந்தார். ராமரிடம் முனிவர் கண்ட ஆற்றலைத் தந்தையால் காண இயலவில்லை. அவரது அன்பில் குறைவில்லை. ‘என் பிள்ளை’ என்ற எண்ணம் பார்வையை மறைத்திருந்தது.

யோக வாசிஷ்டம் இதே கட்டத்தை வேறொரு விதமாகக் காட்டுகிறது. தீர்த்த யாத்திரை முடித்துத் திரும்பிய ராமர் மனம் வாடியிருக்கிறார். தசரதர் அவரை மடியில் அமர்த்தி, என்ன கவலை என்று பரிவுடன் மீண்டும் மீண்டும் வினவுகிறார். ஒன்றுமில்லை என்பதே பதில். பின்னர் அரசவையில், பெரியோர் முன்னிலையில் ராமர் மனம் திறக்கிறார், வசிஷ்டர் உபதேசிக்கிறார். கேட்போர் நடுவே தசரதரும் அமர்ந்திருக்கிறார். மகனுக்காகத் தொடங்கிய உபதேசத்தில் தந்தையும் மாணவராகிறார்.

எரிச்சலின் வேர்

இன்றைய வீட்டுக்கு வருவோம். பள்ளி வாகனம் வரும் நேரம். நான்கு வயதுக் குழந்தை, செருப்பைத் தானே மாட்டிக்கொள்வேன் என்கிறது. இருமுறை தவறுகிறது. தாயின் குரல் உயர்கிறது. நேரமின்மைதான் காரணம் என்று தோன்றலாம். ஆனால் அவசரமே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அதே எரிச்சல் எழுகிறதே! வந்திருக்கும் உறவினருக்குக் குழந்தை வணக்கம் சொல்ல மறுத்தால் கோபம் இருமடங்காகிறதே! அங்கே காயப்பட்டது எது? பெற்றோரின் மானம்.

கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் ஞானத்துக்குரிய இருபது பண்புகளை வரிசைப்படுத்துகிறார். முதலில் நிற்பது ‘அமானித்வம்’, அதாவது தற்பெருமை இன்மை. பொறுமையாகிய ‘க்ஷாந்தி’ நான்காவதாக வருகிறது. மக்கள், மனைவி, வீடு முதலியவற்றைத் தானாகவே கருதாதிருக்கும் ‘அனபிஷ்வங்கம்’ என்ற பண்பும் அதே பட்டியலில் உள்ளது. பிறர் இன்புற்றால் ‘நான் இன்புற்றேன்’ என்றும், துன்புற்றால் ‘நான் துன்புற்றேன்’ என்றும் எண்ணுவதே இங்கு விலக்கப்படும் பற்று என ஆதிசங்கரர் விளக்குகிறார். குழந்தையின் மதிப்பெண்ணைத் தம் மதிப்பெண்ணாகக் கொள்பவரால் பொறுமையாகப் பாடம் சொல்லித்தர முடிவதில்லை. ஆகவே பொறுமையை மட்டும் தனியே வளர்க்க முயல்வோர் விரைவில் சோர்வடைகின்றனர். பணிவு வந்தால் பொறுமை எளிதாகிறது.

மன்னிப்புக் கேட்கலாமா?

‘கோபத்தில் கத்திவிட்டேன், கண்ணா, அது என் தவறு’ என்று குழந்தையிடம் சொன்னால் கண்டிப்பு தளர்ந்துவிடாதா எனச் சிலர் ஐயுறுகின்றனர். தளராது. சாலையை நோக்கி ஓடும் குழந்தையின் கையை உறுதியாகப் பிடித்தே ஆக வேண்டும். தரவேண்டாதவற்றை மறுத்தே ஆக வேண்டும். அதற்கு உறுதி போதும், அவமதிப்பு தேவையில்லை. தவறை ஒப்புக்கொள்ளும் பெற்றோரிடமிருந்து குழந்தையும் தன் தவறை மறைக்காமல் சொல்லக் கற்கிறது. அடிக்கும் பழக்கமுள்ள வீட்டில் அது பொய் சொல்லக் கற்கிறது.

சுவர் உலரும் வரை

கேரளச் சுவரோவிய மரபில் வண்ணம் உடனே தீட்டப்படுவதில்லை. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து பூசி, அது நன்கு உலர்ந்தபின், இளநீர் சேர்த்த சுண்ணாம்பு நீரை இருபத்தைந்து, முப்பது முறை பூசுவார்கள். அதன்பிறகே கோடும் நிறமும். உருவத்தின் கண்களைத் திறப்பது இறுதியில்தான். இடையில் எந்தப் படியையும் அவசரப்படுத்த இயலாது. குழந்தை வளர்ப்பில் பெற்றோர் செய்வதும் பெரும்பாலும் சுவரை ஆயத்தம் செய்யும் வேலையே. உருவம் எப்போது கண் திறக்கும் என்பது இறைவன் திருவுளம்.

இம்மாதப் பயிற்சி

ஒன்று: குரல் உயரும் முன் ஒருமுறை மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு, ‘இப்போது காயப்பட்டது எது?’ என்று தன்னையே வினவுதல்.

இரண்டு: நாள்தோறும் பத்து நிமிடம், திருத்தமோ அறிவுரையோ கூறாமல் குழந்தை பேசுவதைக் கேட்டல்.

மூன்று: இரவில் குழந்தை உறங்கியபின், அன்று அதனிடமிருந்து கற்ற ஒன்றை நினைவுகூர்ந்து இறைவனுக்கு நன்றி செலுத்துதல்.