சலுகை விளம்பரமும் சிறிய எழுத்தும்

விதைப்புக் காலம் நெருங்கும்போது கடைகளில் விளம்பரங்களும் பெருகுகின்றன. "இவ்வளவு வாங்கினால் இவ்வளவு இலவசம்", "ஒரு போத்தல் ஒரு மூடை யூரியாவுக்குச் சமம்", "விளைச்சல் குறைந்தாற் பணம் திருப்பித் தரப்படும்" என்னும் வாசகங்கள் பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றுக்குரிய நிபந்தனைகளோ பொதியின் பின்புறத்திற் சிறிய எழுத்தில் இருக்கும். துணி வாங்கி ஏமாந்தவன் அப்பணத்தை மட்டுமே இழப்பான். விதையிலும் பசளையிலும் ஏமாந்த கமக்காரனோ ஒரு போகத்தையே இழக்க நேரிடும். உழவுக் கூலியும் பாய்ச்சிய நீரும் கடந்த பருவமும் மீளமாட்டா.

விதைப் பொதி

ஒரே விலையில் இரு போஞ்சி விதைப் பொதிகள் விற்கப்படுவதாகக் கொள்க. முதலாவதில் 1 கிலோகிராம் விதையுடன் 250 கிராம் இலவசம். ஆனால் முளைதிறன் 60 சதவீதம். இரண்டாவதில் இலவசம் இல்லை; முளைதிறன் 90 சதவீதம். முதலாவதில் முளைக்கக்கூடிய விதை 750 கிராம். இரண்டாவதில் 900 கிராம். இலவசம் பெற்றவனுக்கே 150 கிராம் நட்டம். எனவே நிறையை மட்டுமன்றி, முளைதிறனையும் அது பரிசோதிக்கப்பட்ட திகதியையும் பார்த்தல் வேண்டும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்த விதையின் முளைதிறன் விரைவிற் குறையும்.

பசளை

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. ஆகவே 50 கிலோகிராம் மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் இருக்கும். ஒரு லீற்றருக்கு 100 கிராம் நைதரசன் உள்ள திரவப் பசளையில் அதே அளவைப் பெற 230 லீற்றர் தேவைப்படும். அவ்வாறாயின் ஒரு போத்தல் ஒரு மூடைக்குச் சமமாவது எங்ஙனம்? திரவப் பசளை பயனற்றது என்பதன்று. நுண்போசணைக் குறைபாட்டை நீக்க அது உதவலாம். ஆயினும் பயிருக்கு வேண்டிய நைதரசன் முழுவதையும் ஒரு போத்தலால் வழங்க முடியாது.

நேர்மையின் எல்லை

சிறிய எழுத்து எல்லாம் வஞ்சகமன்று. பொதியில் இடம் குறைவு. பூச்சிநாசினியைக் கலக்கும் அளவும், தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்கவேண்டிய நாட்களும் சிறிய எழுத்திலேயே காணப்படும். அவற்றை வாசியாது விடுதல் உயிருக்கே கேடாகும். பெரிய எழுத்திற் கொடுத்த வாக்கைச் சிறிய எழுத்து விளக்கினால் அது முறையானது. அவ்வாக்கையே பறித்தால் அது ஏமாற்று. மழை, வரட்சி, நோய், பூச்சி ஆகிய எவற்றால் விளைச்சல் குறைந்தாலும் பணம் தரப்படமாட்டாது என்று எழுதப்பட்ட உத்தரவாதத்தில் எஞ்சியிருப்பது யாது? "இந்நிபந்தனையை முன்னரே அறிந்திருந்தால் இவர் இதை வாங்கியிருப்பாரா?" என்று வணிகர் தம்மைத் தாமே கேட்டல் நன்று. வாங்கியிரார் எனின், அந்நிபந்தனை பெரிய எழுத்திலேயே இருக்கவேண்டியதாகும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கின்றது. சிறிய எழுத்தில் ஏதோ எழுதப்பட்டிருந்தது என்பது மட்டும் பொய்யான வாக்கை மெய்யாக்கிவிடாது.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. பணம் கொடுக்குமுன் சுட்டுத்துண்டு முழுவதையும் வாசிக்குக. கண் பார்வை குறைந்தவர் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பிக்குக.

2. மூடையின் விலையை அன்றி, அதிலுள்ள போசணையின் விலையைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

3. 100 விதைகளை ஈரச் சாக்கில் வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்த்தபின் விதைக்குக.

4. கடைக்காரர் வாய்மொழியாகக் கூறும் உறுதியைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு கேட்குக. எழுத மறுப்பாராயின், அவ்வுறுதியை நம்பி வாங்குதல் தகாது.

5. பற்றுச்சீட்டையும் வெறும் பொதியையும் அறுவடை முடியும்வரை பேணி வைக்குக. முறைப்பாட்டுக்கு அவையே சான்றாகும்.

6. புதிய பொருளாயின் முதலிற் சிறு பாத்தியில் மட்டும் இட்டுப் பார்க்குக. ஐயமிருப்பின் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை வினவுக.