கிளாரினெட்டின் வயதைக் கணித்தல்

பழைய கிளாரினெட்டுகள் பெரும்பாலானவற்றில் அவை செய்யப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதில்லை. மரம், உலோகம், முத்திரை, சுருதி ஆகியவற்றைக் கொண்டே வயதை உய்த்துணர வேண்டும்.

செருமனியின் நியூரம்பெர்க் நகரில், 1700ஆம் ஆண்டை ஒட்டி, யோகான் கிறிஸ்டோஃப் டென்னர் இக்கருவியை உருவாக்கினார் என்பர். தொடக்கத்தில் இதற்கு இரண்டே விசைகள். அந்நூற்றாண்டின் இறுதியில் ஐந்து விசைக் கருவி பரவியது. 1812இல் இவான் முல்லர் பதின்மூன்று விசைக் கருவியைப் பாரிசு இசைப்பள்ளியின் குழுமுன் வைத்தார். குழு மறுத்தது, இசைஞர்கள் ஏற்றனர். பின்னர் குளோசேயும் புஃபேயும் துளைகளைச் சூழ்ந்த வளையங்களுடன் அமைத்த கருவி 1844இல் காப்புரிமை பெற்றது.

எனில், விசைகளை எண்ணியே காலத்தைச் சொல்லிவிடலாமே எனத் தோன்றும். பலர் பிழைபடும் இடம் இதுவே. புதியது பிறந்ததும் பழையது மறைந்துவிடவில்லை; வளையமற்ற எளிய கருவிகள் இருபதாம் நூற்றாண்டிலும் மலிவு விலையில் விற்கப்பட்டன. ஆகவே ஓர் உறுப்பு ‘இந்த ஆண்டிற்கு முற்பட்டதன்று’ என்று மட்டுமே சான்று கூறும். அச்சான்றும் சில வேளைகளில் ஏமாற்றும். ஐந்து விசைக் கருவியை வைத்திருந்தோர் பிற்காலத்தில் மேலும் ஓரிரு விசைகளைச் சேர்த்ததுண்டு. அக்காலக் கைவினைஞர், மரத்தைக் கடையும்போதே விட்டுவைத்த புடைப்பில் விசையைப் பொருத்தினர். பின்னர்ச் சேர்த்த விசையோ பெரும்பாலும் திருகாணியால் முடுக்கிய உலோகத் தாங்கியில் நிற்கும். ஒரே கருவியில் இரண்டும் காணப்பட்டால், உடலுக்கு ஒரு வயதும் விசைக்கு வேறொரு வயதும் உண்டெனக் கொள்ளலாம்.

மஞ்சள்நிறப் பாக்ஸ்வுட் மரமும் தந்த வளையங்களும் பழமையைச் சுட்டும். ஆப்பிரிக்கக் கருமரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்றது. எபோனைட் உடல் அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

செய்தவரின் முத்திரை மிகுந்த பயன் தருவது. பட்டறை தெருவிட்டுத் தெரு மாறியிருந்தால், முத்திரையிலுள்ள முகவரியே காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் குறுக்கிவிடும். வரிசை எண்ணோ, செய்தவரின் பதிவேடு எஞ்சியிருந்தால்தான் உதவும்.

சுருதியும் ஒரு சான்று. இங்கிலாந்தின் இராணுவ இசைக்குழுக்கள் நெடுங்காலம் ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸ் என்னும் உயர்சுருதியைக் கையாண்டன. 1939இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440 ஹெர்ட்ஸைப் பரிந்துரைத்தது. உயர்சுருதிக் கருவி சற்றே குட்டையானது. இன்றைய குழுவோடு இசையாது. அதை இசைய வைக்கும் முயற்சியில் துளைகளை மாற்றுவோரும், மெருகேற்ற உப்புத்தாள் தேய்ப்போரும் உள்ளனர். தேய்த்தபின் முத்திரை மங்கிவிடும். மங்கிய முகவரியை மீட்க வழியில்லை.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவற்றின் நாட்டுப் பெயரைப் பொறிக்க வேண்டுமென்றது. எனவே அந்நாட்டுச் சந்தைக்குச் சென்ற கிளாரினெட்டில் ‘பிரான்சு’ என ஆங்கிலத்தில் பொறித்திருப்பின், அது பெரும்பாலும் அச்சட்டத்திற்குப் பிற்பட்டதே.