விலை உயர்ந்த மைக் யாருக்கு?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். ஷூர் எஸ்.எம்.58-ஐ விட்டுவிட்டு நியூமன் கே.எம்.எஸ்.105 வாங்கலாமா? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: 1966-இல் வந்த எஸ்.எம்.58 இன்னும் மேடையைவிட்டு இறங்காததற்குக் காரணம் அதன் முரட்டு உடம்பு. கீழே விழுந்தாலும் பாடும். டைனமிக் வகை. கே.எம்.எஸ்.105 கண்டென்சர் வகை; மூச்சு, மெல்லிய கமகம் எல்லாம் துல்லியமாக விழும். மிக்சரிலிருந்து 48 வோல்ட் பேண்டம் பவர் தரவேண்டும்.

சிக்கல் அந்தத் துல்லியத்தில்தான். பாடகருக்குப் பின்னால் டிரம்ஸ் அதிர்ந்தால் சிம்பல் சத்தமும் பளிச்சென்று உள்ளே வந்துவிடும். வயலின், மிருதங்கத்தோடு சபாவில் பாடுபவருக்கு வரம். திருவிழா மேடையில் தலைவலி.

மானிட்டர் ஸ்பீக்கரையும் கவனிக்க வேண்டும். எஸ்.எம்.58 கார்டியாய்டு, நேர் பின்பக்கம் அதற்குக் காது மந்தம். கே.எம்.எஸ்.105 சூப்பர் கார்டியாய்டு. பின்னால் கொஞ்சம் கேட்கும். மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைக்காவிட்டால் 'ஊய்ங்' என்று கூவும். மைக் தலையைக் கையால் பொத்திப் பாடுபவர்களுக்கு (மேடைக்கு ஒருவராவது உண்டு!) எதை வாங்கினாலும் பணம் வீண்.

மெல்லிசை மேடைக்கு டைனமிக்கிலேயே அடுத்த படி போதும்: சென்ஹைசர் இ935 அல்லது ஷூர் பீட்டா 58ஏ. வாங்குமுன் குழுவோடு, முழுச் சத்தத்தில் பாடிப் பாருங்கள்.