விரிவாக்கப்பட்ட பாடசாலைச் சேவைகளும் பரிசோதனையும்: இங்கிலாந்தின் அனுபவம்

அறிமுகம்

பசியோடு வகுப்பறையில் இருக்கும் பிள்ளையை, வீட்டில் அச்சத்தோடு வாழும் பிள்ளையை, சிறந்த கற்பித்தலும் முழுமையாகச் சென்றடைவதில்லை. எனவே பாடசாலை நேரத்துக்கு அப்பாலும் மாணவர், குடும்பம், சமூகம் ஆகிய முத்தரப்பினருக்கும் பாடசாலையினூடாக வழங்கப்படும் உதவிகள் விரிவாக்கப்பட்ட சேவைகள் எனப்படும்.

பின்னணி

2000 ஆம் ஆண்டில் விக்டோரியா கிளிம்பி என்னும் எட்டு வயதுச் சிறுமி பாதுகாவலரின் கொடுமையால் லண்டனில் உயிரிழந்தாள். சமூக சேவை அலுவலர், பொலிஸார், வைத்தியசாலையினர் எனப் பலர் அவளை அறிந்திருந்தும், அவர்களிடையே ஒருங்கிணைப்பு இருக்கவில்லை. லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003 இல் இக்குறையை வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் வெளியான அரசின் கொள்கை ஆவணம் பிள்ளைகளுக்கான ஐந்து பேறுகளை வகுத்தது:

1. ஆரோக்கியமாக இருத்தல்
2. பாதுகாப்பாக இருத்தல்
3. மகிழ்ந்து கற்றுச் சாதித்தல்
4. சமூகத்துக்குப் பங்களித்தல்
5. பொருளாதார நலன் அடைதல்

2005 இல் அரசு, 2010 ஆம் ஆண்டளவில் எல்லாப் பாடசாலைகளினூடாகவும் கிடைக்க வேண்டிய சேவைகளை அறிவித்தது. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரையான பிள்ளைப் பராமரிப்பு, பாடசாலைக்குப் பின்னரான செயற்பாடுகள், பெற்றோருக்கான ஆதரவு, விசேட சேவைகளுக்கு விரைவாக ஆற்றுப்படுத்தல், பாடசாலை வளங்களைச் சமூகம் பயன்படுத்தல் என்பனவே அவை.

பரிசோதனை மதிப்பிடும் முறை

இங்கிலாந்தின் பாடசாலைப் பரிசோதனை நிறுவனமான ஒப்ஸ்டெட் 1992 இல் அமைக்கப்பட்டது. 2005 செப்டெம்பரில் தொடங்கிய புதிய முறையில் பாடசாலைகள் மிகச் சிறந்தது, நன்று, திருப்தி, போதாது என நான்கு தரங்களில் மதிப்பிடப்பட்டன. பாடசாலையின் சுயமதிப்பீட்டுப் படிவமே பரிசோதகர்களின் தொடக்கப் புள்ளியாக அமைந்தது. மாணவருடனான உரையாடல், பெற்றோரின் கருத்துகள், நேரடி அவதானிப்பு, பதிவேடுகள் ஆகியவற்றின் மூலம் அதிலுள்ள கூற்றுகள் சரிபார்க்கப்பட்டன.

இங்கு முக்கியமாக நோக்க வேண்டியது, சேவை வழங்கப்பட்டதா என்பதிலும் பார்க்க, அதனால் என்ன மாற்றம் ஏற்பட்டது என்பதாகும். உதாரணமாக, ஒரு பாடசாலையின் மாலை நேரக் கற்றல் வகுப்புக்கு 60 மாணவர் வருகின்றனர் எனக் கொள்வோம். அவர்களுள் பெரும்பாலானோர் ஏற்கெனவே நன்கு கற்பவர்களாயின், வரவுப் பதிவேடு நிரம்பியிருக்கும். ஆனால் உதவி தேவைப்பட்ட பிள்ளை வெளியே நிற்கும். ஆகவே நல்ல பரிசோதகர் மூன்று வினாக்களை எழுப்புவார்:

• தேவை எவ்வாறு இனங்காணப்பட்டது?
• மிகவும் தேவையுடையோர் பங்குபற்றுகின்றனரா?
• அவர்களின் வரவிலும் கற்றலிலும் நலனிலும் முன்னேற்றம் உண்டா?

ஒப்ஸ்டெட் 2006 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, தன்னம்பிக்கை, சிறந்த உறவுகள், உயர்ந்த எதிர்பார்ப்புகள், கற்றலில் நல்ல மனப்பாங்கு என்பவற்றை முக்கிய பயன்களாகக் குறிப்பிட்டது. குறுங்கால நிதி நீண்டகாலத் திட்டமிடலைக் கடினமாக்குவதையும் அது சுட்டிக்காட்டியது.

வரையறைகள்

தன்னம்பிக்கை போன்ற பேறுகளைப் பரீட்சைப் புள்ளிகளைப் போல அளவிட முடியாது. மாற்றத்துக்குக் குடும்பமும் ஏனைய நிறுவனங்களும் காரணமாகலாம். மேலும், 2012 ஜனவரியிலிருந்து பரிசோதனை அடைவு, கற்பித்தல், நடத்தையும் பாதுகாப்பும், தலைமைத்துவம் ஆகிய நான்கில் குவிந்தது. இதனால் விரிவாக்கப்பட்ட சேவைகள் முன்னரைப் போல முதன்மை பெறவில்லை. பரிசோதனை எதனை வினவுகின்றதோ அதற்கே பாடசாலைகள் முன்னுரிமை வழங்க முற்படும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மாதிரி வினா

“சேவைகளின் எண்ணிக்கை அவற்றின் பயனுக்குச் சான்றாகாது.” விளக்குக.

விடைக் குறிப்பு: எண்ணிக்கைக்கும் பயனுக்குமான வேறுபாட்டைத் தெளிவுபடுத்துக. ஐந்து பேறுகளுள் ஏதேனும் இரண்டுடன் தொடர்புபடுத்துக. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான சான்றைக் குறிப்பிட்டு, அச்சான்றின் வரையறை ஒன்றையும் எழுதுக.