பண்ணைக் குட்டைக்கு ஒரு தூண்டில்



திண்டுக்கல் சமவெளியில் பண்ணைக் குட்டை வெட்டி, மழைநீரைத் தேக்கிக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வளர்ப்போர் உண்டு. ஓடை நீருடன் சிலேபியும் குட்டைக்குள் புகுந்துவிடுகிறது. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கும். தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெருகிவிடும். நீங்கள் இடும் தவிட்டையும் பிண்ணாக்கையும் அவை தின்றுவிட, கெண்டைகள் வளர்ச்சி குன்றும். இதனைக் குறைக்க, வலைக்குச் செலவு செய்யுமுன் ஒரு தூண்டிலைத் தயார் செய்து கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

1. காய்ந்த மெல்லிய மூங்கில் கோல், 8 முதல் 10 அடி.
2. கால் மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான் நரம்பு, 15 அடி.
3. 10-ஆம் எண் முட்கள் ஐந்து. எண் கூடினால் முள் சிறிதாகும்.
4. தக்கைக்குக் காய்ந்த சோளத்தட்டையின் நெட்டி, 2 அங்குலம்.
5. மிளகளவு ஈயக் குண்டுகள் இரண்டு.
6. சிறு குறடு, முட்களை வைக்க மூடியுள்ள டப்பா.

கட்டும் முறை

நரம்பைக் கோலின் நடுவில் கட்டி, நுனிவரை சுற்றிக் கொண்டுபோய் நுனியிலும் முடியுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் தப்பாது. முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, அதன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, காதை ஒட்டிய வளையத்தில் நுனியை நுழைத்து, நனைத்து இறுக்குங்கள். முள்ளுக்கு அரை அடி மேலே ஈயத்தைக் குறடால் அழுத்துங்கள். ஈயம் நஞ்சு, பல்லால் கடிக்கலாகாது. தக்கை பாதி மூழ்கி நிமிர்ந்து நின்றால் எடை சரி.

பிடிக்கும் முறை

மண்புழுத் துண்டு அல்லது பிசைந்த மாவு உருண்டையை இரையாக்கி, காலையிலும் மாலையிலும் கரையோரம் போடுங்கள். கெண்டைக் குஞ்சு சிக்கினால், நனைத்த கையால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். சிலேபியை மீண்டும் விடாதீர்கள். நான்கு அங்குலச் சிலேபியே வாயில் முட்டை சுமந்தால் குட்டையில் நெரிசல் என்று அறிக.

எச்சரிக்கை

தார்ப்பாய் விரித்த சரிவு வழுக்கும். விழுந்தவர் ஏறுவது கடினம். முளையடித்து, முடிச்சிட்ட கயிறு ஒன்றைத் தண்ணீருக்குள் எப்போதும் தொங்கவிடுங்கள். சிறுவரைத் தனியே அனுப்பாதீர்கள். மின்கம்பியின் கீழ் கோலை உயர்த்தாதீர்கள். அறுந்த நரம்பைப் பொறுக்கி எடுங்கள். மாடு தின்றால் ஆபத்து. கண்மாய், அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கலாம். அனுமதி பெற்றே பிடியுங்கள்.

தூண்டிலால் மட்டும் சிலேபி அடியோடு ஒழியாது. கோடையில் குட்டையை வற்றவிட்டுக் காயப்போடுவதே முழுத்தீர்வு. அதுவரை, பிடிக்கும் ஒவ்வொரு சிலேபியும் வீட்டுக் குழம்புக்கு ஆகும். கெண்டைக்கும் தீனி மிஞ்சும்.