இரப்பர்க் குழாயின் காற்றுக் கசிவும் பாலிமர்ப் பூச்சும்

கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில் காற்றழுத்தம் சுமார் 680 மில்லிமீட்டர் பாதரசமேயாகும். ஒரு புயம் வெளிக்காற்றுக்குத் திறந்துள்ள யு வடிவ அழுத்தமானியை வெற்றிடப் பம்புடன் இணைத்தால், பாதரச மட்டங்களின் வேறுபாடு இவ்வளவினைத் தாண்டாது. பாடநூலிற் கண்ட 760 என்னும் எண்ணை நம்பி, இல்லாத கசிவைக் குழாயில் தேடும் மாணவர் உளர். பம்பினைப் பிரித்து வழியை அடைத்தபின் மட்ட வேறுபாடு குறைந்துகொண்டே வருமாயின், அப்பொழுதுதான் கசிவை ஐயுறவேண்டும்.

கசிவு இருவகைத்து. ஒன்று வெடிப்பு வழியாக நிகழ்வது. இழுத்தோ வளைத்தோ வைக்கப்பட்ட இயற்கை இரப்பரைக் காற்றிலுள்ள சிறிதளவு ஓசோன் தாக்குவதால், இழுவிசைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. மற்றொன்று துளையே இல்லாமல் நிகழ்வது. வாயு இரப்பரில் கரைந்து, ஊடுபரவி, மறுபுறம் வெளிப்படுகிறது என்பதைத் தாமஸ் கிரகாம் 1866-இல் விளக்கினார். நைட்ரஜனைவிட ஆக்சிஜன் ஏறக்குறைய மும்மடங்கு எளிதாகவும், கரியமில வாயு அதனினும் மிக எளிதாகவும் இயற்கை இரப்பரைக் கடக்கின்றன. பியூட்டைல் இரப்பரிலோ காற்றின் ஊடுருவல் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

நுண்வெடிப்புக்குப் பூச்சிடுவோர் மூன்றினைக் கருதுதல் வேண்டும். பூச்சு இரப்பரோடு நீளவேண்டும். விறைப்பான அரக்கு முதல் வளைவிலேயே பிளந்துவிடும். டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இரப்பரை ஊதச் செய்யுமாதலின், நீரிற் பரவிய நியோப்பிரீன் பால்மமே ஏற்றது. பாலிவினைல் ஆல்கஹால் உலர்ந்த நிலையில் வாயுக்களை மிக நன்றாகத் தடுக்கும். ஆயினும் மழைக்கால ஈரத்தில் அத்திறன் குன்றும்.

மூன்றாவது, பூச்சின் பக்கம். இதனையே பலர் மறக்கின்றனர். வெற்றிடக் குழாயின் வெளிப்புறத்தே பூசினால் வளிமண்டலமே பூச்சினைக் குழாயோடு அழுத்திப் பிடிக்கும். உள்ளே அழுத்தம் மிகுந்த குழாயிலோ, கசியும் காற்று பூச்சினைக் கொப்புளமாக உயர்த்திப் பெயர்த்துவிடும். இதற்கு உட்பூச்சே பொருத்தம். குறுகிய குழாயில் அது எளிதன்று. அந்நிலையில் குழாயையே மாற்றுவது மலிவு.

பூசுமுன் குழாயைச் சவர்க்கார நீரால் கழுவி, வெண்கல் தூளை அகற்றி, நன்கு உலர்த்துக. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று பூச்சுகள் மேல். ஒவ்வொன்றும் முற்றிலும் காய்ந்தபின்னரே அடுத்தது. ஈரம் எஞ்சினால் அதன் ஆவி கசிவைப் போலவே மானியைக் கீழிறக்கும்.

இம்முறை ஆய்வுக்கூட வெற்றிடக் குழாய்க்கு மட்டுமே உரியது. சமையல் எரிவாயுக் குழாயிலோ நோயாளியின் சுவாசக் குழாயிலோ கசிவு கண்டால் எந்தப் பூச்சும் இடாது, உடனே புதியது பொருத்துக.